காத்திருப்பின் கணக்கு

அக்கா வீட்டுக் கூடம், ஒரு சனிக்கிழமை காலை. அந்த வருடம் பிளஸ் ஒன் சேர்ந்திருந்த அக்கா மகள், அவள் அண்ணன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினாள். அழுத்தியதும் எழுந்து போய்விட்டாள். தண்ணீர் குடித்தாள், பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டாள், பால்கனியில் காய்ந்த துணியை எடுத்து வந்து கட்டிலில் போட்டாள். வந்து உட்கார்ந்தபோதும் திரையில் வட்டம் சுழன்றுகொண்டுதான் இருந்தது. விசைப்பலகையின் இடது பக்கத்துக்கு அடியிலிருந்து மெல்லிய கரகரப்பு ஒன்று விடாமல் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் எழுத்தை அவளால் தட்ட முடிந்தபோது நான்கு நிமிடம் இருபது விநாடி ஆகியிருந்தது.

"பழசாயிடுச்சு மாமா. ஐ7 வாங்கினா வேகமா இருக்கும்னு கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

கடைக்குப் போவதற்கு முன் அவளை ஒரு காரியம் செய்யச் சொன்னேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்ற பலகை திறக்கும். பெட்டிக்குள் யார் யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று அது காட்டும். லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டு, திரை வந்த உடனே அந்தப் பலகையைத் திறந்தோம். பிராசசர் 9 சதவீதம் வேலை செய்துகொண்டிருந்தது. டிஸ்க் 100 சதவீதம். அவள் மாற்ற நினைத்த உறுப்பு சும்மா உட்கார்ந்திருந்தது. இன்னொன்று மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் வாங்குவதைப் பற்றி யோசிக்கும்போது நாம் எல்லோரும் வேகத்தைக் கேட்கிறோம். எனக்கு அந்தக் கேள்வியிலேயே உடன்பாடில்லை. இன்றைய கணினியில் பிராசசர் மெதுவாக இருப்பது அரிது. ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்காகக் காத்திருப்பதைத்தான் நாம் மெதுவாக இருக்கிறது என்று சொல்கிறோம். எங்கே காத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பிராசசருக்குள் ஒரு துடிப்பு இருக்கிறது. 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 300 கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒளியால்கூட 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். ஒரு கை அகலம். இவ்வளவு சின்ன நேரங்களை மனதில் பிடித்து வைக்க முடியாது. ஆகவே இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்போம். ஒரு துடிப்பை ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிராசசரின் உடம்புக்குள்ளேயே கேஷ் என்ற குட்டி நினைவகம் இருக்கிறது. அதிலிருந்து ஓர் எண்ணை எடுக்க, நம் கணக்கில் நாலைந்து விநாடி ஆகும். சட்டைப் பையிலிருந்து பேனா எடுப்பது போல. அங்கே இல்லையென்றால் ரேமுக்குப் போக வேண்டும். அது ஏறத்தாழ 100 நானோ விநாடி. நம் கணக்கில் ஐந்து நிமிடம். தெருமுனைக் கடைக்குப் போய் வருகிற நேரம். அங்கேயும் இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. அதிலிருந்து வர ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடி, அதாவது மூன்றரை நாள். ஊருக்குக் கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி. ஹார்டு டிஸ்க்கிலிருந்து வரவேண்டியிருந்தால்? அது 15 மில்லி விநாடி. நம் கணக்கில் ஒரு வருடம் ஐந்து மாதம்.

அக்கா மகள் தண்ணீர் குடித்துத் தலை பின்னித் துணி எடுத்த நேரத்தில், அந்த பிராசசர் ஒரு வருடம் ஐந்து மாதம் கழித்து வரும் பதிலுக்குக் காத்திருந்து, அது வந்ததும் அடுத்த கேள்வி கேட்டு, மறுபடி ஒரு வருடம் ஐந்து மாதம் காத்திருந்தது. ஒரு விண்டோஸ் எழுந்து நிற்பதற்கு இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஐ7 போட்டிருந்தால் அதுவும் இதே பதிலுக்குத்தான் காத்திருக்கும். கொஞ்சம் அதிக விலை கொடுத்துக் காத்திருக்கும்.

ஹார்டு டிஸ்க் ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்குக் காரணம் எளிது. அது ஓர் இயந்திரம். உள்ளே தட்டு ஒன்று சுழல்கிறது. பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. கேட்ட தகவல் தட்டின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அது ஊசிமுனைக்கு அடியில் வந்து சேரும்வரை சராசரியாக அரைச் சுற்று பொறுத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஊசியைத் தாங்கும் கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். நாங்கள் கேட்ட கரகரப்பு அந்தக் கை முன்னும் பின்னும் போய்வந்த சத்தம். 1956இல் ஐபிஎம் அறிமுகம் செய்த முதல் ஹார்டு டிஸ்க் இயந்திரத்தில் இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. மொத்தக் கொள்ளளவு 4 மெகாபைட்டுக்கும் குறைவுதான். அதற்குப் பிறகு கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருகிவிட்டது. ஆனால் தட்டு சுற்றிவரும் நேரம் அப்படிக் குறையவில்லை. பொருளைச் சுழற்றுவதற்கு ஒரு வரம்பு உண்டு.

எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் அது. மின்காப்புச் சுவருக்குள் எலக்ட்ரான்களைச் சிறைவைத்து, மின்சாரம் போன பிறகும் அங்கேயே இருக்கச் செய்யும் வித்தை. எங்கே கேட்டாலும் ஒரே மாதிரி நேரத்தில் பதில் வரும்.

அந்த மாலையே அக்கா மகளும் நானும் பழைய லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டோம். அடிப்பக்கம் பதினொரு திருகுகள். கழற்றிய திருகுகளை அவள் ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, எந்த இடத்தில் எது இருந்ததோ அங்கே டேப் போட்டு ஒட்டினாள். இரண்டு திருகு மற்றவற்றைவிட நீளம், இடம் மாறிப் போட்டால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வந்துவிடும். பேட்டரி இணைப்பை முதலில் எடுத்தோம். ஹார்டு டிஸ்க்கைத் தாங்கும் தகரச் சட்டத்தை விடுவித்து, அதே அளவில் இருந்த 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யைச் செருகினோம். நான் கொடுத்த விலை 2,200 ரூபாய். கையில் பிடித்தவள், "உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். அவ்வளவு எடைக் குறைவு. விண்டோஸைப் புதிதாக ஏற்றிப் பட்டனை அழுத்தினோம். முப்பத்தொரு விநாடி. பிராசசரை நாங்கள் தொடவே இல்லை.

ஆகவே பள்ளிப் பிள்ளைக்கு லேப்டாப் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது சேமிப்பகம் என்ன வகை என்பதை. புது லேப்டாப்களில் இன்று எஸ்.எஸ்.டி. சாதாரணம். ஆனால் மிகக் குறைந்த விலை மாடல்களில் 'இ.எம்.எம்.சி. 64 ஜி.பி.' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அதுவும் ஃபிளாஷ்தான் என்றாலும் போர்டிலேயே ஒட்டப்பட்டது, மெதுவானது, மாற்ற முடியாதது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் சேர்ந்து அந்த 64 ஜி.பி.யில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பிறகு பிள்ளை தன் புகைப்படங்களை அழித்து அழித்து அப்டேட்டுக்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கும். குறைந்த விலைக்காக அதை வாங்கும் பெற்றோரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பணம் அவர்களிடம் எளிதாக வந்திருக்காது.

அடுத்தது ரேம். சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ரேம் என்பது சமையல் மேடை. சேமிப்பகம் என்பது பரண். மேடையில் இடம் இருக்கும்வரை எல்லாம் கைக்கெட்டும். மேடை நிறைந்த பிறகும் இன்னொரு பாத்திரம் வேண்டுமென்றால், இப்போது தேவைப்படாத ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டு வேண்டியதை இறக்க வேண்டும். கணினியும் இதைத்தான் செய்கிறது. ரேம் நிறைந்தால் ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்கு மாற்றி எழுதி இடம் பிடிக்கிறது. நாம் பிரவுசரில் பழைய டேபை மறுபடி தொட்டவுடன் அதை இறக்கிவைக்கிறது. ஐந்து நிமிடக் கடை ஒன்று மூன்றரை நாள் கடிதமாக மாறுவது அந்தக் கணத்தில்தான்.

பள்ளி வேலையில் ரேமைத் தின்பது எது என்று பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைதான். "புரோகிராமிங் படிக்கிறா, பெரிய லேப்டாப் வேணும்" என்று அக்கா சொன்னதற்கு அதுதான் காரணம். ஒரு மாணவி எழுதும் பைதான் நிரல் பத்து வருடப் பழைய கணினியிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடும். தின்பது பிரவுசர். நாங்கள் அதையும் சோதித்தோம். ஒரு வீடியோ பாடம், பாடநூலின் பி.டி.எஃப்., மொழிபெயர்ப்புப் பக்கம் ஒன்று, பிறகு எட்டு டேப்கள். அந்தப் பழைய லேப்டாப்பின் 4 ஜி.பி. ரேமில் 92 சதவீதம் நிறைந்துவிட்டது. நிரல் எழுதும் சாளரம் அதில் ஓர் ஓரத்துக்குக்கூட வரவில்லை.

விண்டோஸ் 11 இயங்க மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச ரேம் 4 ஜி.பி. இயங்குவதற்கு அது போதும், படிப்பதற்குப் போதாது. இன்றைக்கு 8 ஜி.பி.க்குக் கீழே வாங்கவே வேண்டாம் என்பேன். 8 ஜி.பி. வாங்கினால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிறகு கூட்ட முடியுமா? மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் சில்லுகளைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அப்படியானால் வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசிவரை. ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால், பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது இன்னொரு சில்லுப் பட்டையைச் செருகிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், காலி ஸ்லாட் உள்ள 8 ஜி.பி. ஐ3, கூட்டவே முடியாத 8 ஜி.பி. ஐ5ஐவிடப் பள்ளிக்கு நல்லது.

பிராசசரின் பெயர்களில்தான் ஏமாறுவது அதிகம். சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ரிச்சி தெருவில் ஒரு கடையில் இரண்டு லேப்டாப்களை அருகருகே வைத்துக் காட்டினார்கள். ஒன்று பழையதைப் புதுப்பித்தது, ஐ7-7500யு. இன்னொன்று புதியது, ஐ3-1215யு. விலையில் பெரிய வித்தியாசமில்லை. அக்கா மகளின் கண் ஐ7 ஸ்டிக்கரிலேயே நின்றது.

அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் கதை வேறு. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண் தலைமுறை. 7500 என்பது ஏழாம் தலைமுறை, 2016இல் வந்தது. 1215 என்பதில் 12ஐச் சேர்த்துப் படிக்க வேண்டும். பன்னிரண்டாம் தலைமுறை, 2022. அந்த ஐ7க்குள் கோர் எனப்படும் கணக்கிடும் மையங்கள் இரண்டுதான். இந்த ஐ3க்குள் ஆறு: பெரியது இரண்டு, சிக்கனமானது நான்கு. இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 11க்கான பட்டியலில் இன்டெல் பிராசசர்கள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆகவே அந்த ஐ7ஐ வாங்கினால், வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸோடு வீட்டுக்கு வரும்.

இன்னொரு பிராசசர் நிறுவனமான ஏ.எம்.டி.யிலும் இதே எச்சரிக்கை தேவை. 2022இல் வந்த ரைசன் 5 7520யு என்ற பெயரைப் பார்த்தால் ஏழாயிரம் வரிசை, புத்தம் புதியது என்று தோன்றும். அந்த வரிசையில் உள்ளிருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்பதை மூன்றாவது எண் சொல்கிறது. 7520இல் அது 2. ஸென் 2 என்ற அந்த வடிவமைப்பு 2019இல் வந்தது. 7530 என்றால் ஸென் 3; 7540 என்றால் ஸென் 4. மூன்றாம் எண் என்று ஒன்று இருப்பதே வாங்குபவருக்குத் தெரிய வழியில்லாத வகையில் பெயர் வைப்பது நேர்மையானது என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக் கட்டணத்தோடு போட்டி போட்டுச் சேமித்த பணத்தில் வாங்கும் பொருளுக்கு அதன் வயதாவது பெட்டியின் மேல் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

கிகாஹெர்ட்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2004இலேயே பென்டியம் 4 பிராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் போனால் வெளிவரும் வெப்பத்தைத் தாங்க முடியாது என்று ஆனபோதுதான் தொழில்துறை ஒரே சில்லில் பல கோர்களை வைக்கும் வழிக்குத் திரும்பியது. இருபது வருடத்தில் அந்த எண் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. அந்த எண்ணை ஒப்பிட்டு இரண்டு வெவ்வேறு காலத்து லேப்டாப்களை எடைபோட முடியாது.

வெப்பம் என்றதும் நம் ஊரை நினைக்க வேண்டும். பிராசசரின் வெப்பத்தை விசிறி வெளியே தள்ளுவது, உள்ளே இருக்கும் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. குளிரூட்டிய அறையில் 24 டிகிரி. மே மாதத்தில் தகரக் கூரை வீட்டில் 40ஐத் தாண்டும். வித்தியாசம் குறையும்போது சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடும், இன்னும் மோசம். பெயரின் முடிவில் 'யு' என்று இருப்பவை பெரும்பாலும் 15 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை, 'எச்', 'எச்.எக்ஸ்.' என்பவை 45 வாட்டும் அதற்கு மேலும். பள்ளிக்கு யு போதும். தமிழ்நாட்டு வெயிலுக்கும் அதுதான் நல்லது.

பேட்டரியை அளக்கும் எண்ணிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. என் கைபேசியில் 5,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று போட்டிருக்கிறது. அக்கா மகளின் பழைய லேப்டாப்பின் பேட்டரியில் 3,600. அப்படியானால் கைபேசியில்தான் அதிகச் சக்தியா? கைபேசி பேட்டரியின் மின்னழுத்தம் 3.85 வோல்ட். லேப்டாப்புடையது 11.4 வோல்ட், மூன்று செல்கள் தொடராக. பெருக்கினால் கைபேசியில் 19 வாட்-அவர், லேப்டாப்பில் 41 வாட்-அவர். பார்க்க வேண்டிய எண் வாட்-அவர். எழுதுவது, படிப்பது போன்ற வேலைக்கு ஒரு லேப்டாப் 7 வாட் அளவில் எடுத்தால் 41ஐ 7ஆல் வகுத்து ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. கடைக்காரர் சொல்லும் மணி நேரத்தை நம்புவதைவிட இந்த வகுத்தல் மேல்.

லித்தியம் அயன் பேட்டரியை உருவாக்கியதற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த வேதியியலுக்கு இரண்டு பகை: சூடு, முழு நிரப்பு. 100 சதவீதம் ஏற்றி, சார்ஜரிலேயே மாட்டி, வெயில்படும் ஜன்னலோரம் வைத்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. இப்போது வரும் பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் நமக்கு முன்பே உட்கார்ந்து யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1972இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஆலன் கே, குழந்தைகளுக்கென்று டைனாபுக் என்ற ஒரு கணினியைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். நோட்டுப் புத்தக அளவு, 4 பவுண்டுக்குக் கீழே எடை. நம் அளவில் 1.8 கிலோ. லேப்டாப் என்ற பொருளே சந்தையில் இல்லாத காலம் அது. ஒரு பிள்ளை தூக்கிக்கொண்டு நடக்கும் பொருள் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 45 கிலோ இருக்கும் பெண்ணுக்கு 4.5 கிலோ. 2.4 கிலோ கேமிங் லேப்டாப்பும் அதன் செங்கல் போன்ற சார்ஜரும் சேர்ந்தால், புத்தகத்துக்கு ஒன்றரை கிலோகூட மிஞ்சாது.

2005 நவம்பரில் துனிஸ் நகரில் நடந்த மாநாட்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே ஒரு பச்சை லேப்டாப் மாதிரியைக் காட்டினார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று, விலை 100 டாலர் என்பது குறிக்கோள். எக்ஸ்ஓ என்ற அந்த லேப்டாப் 2007இல் உற்பத்திக்கு வந்தபோது விலை 200 டாலரை நெருங்கிவிட்டது. ஆனாலும் அதைப் பிரித்துப் பார்த்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. பிராசசர் 433 மெகாஹெர்ட்ஸ்தான். ரேம் 256 எம்.பி.தான். ஹார்டு டிஸ்க் கிடையவே கிடையாது, 1 ஜி.பி. ஃபிளாஷ். பிள்ளை கீழே போடும் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆகவே சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. மண்ணும் தண்ணீரும் புகாத ரப்பர் விசைப்பலகை. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த திரை, அறைக்குள் வண்ணத்திலும் வெட்டவெளியில் சூரிய ஒளியையே பயன்படுத்திக் கறுப்பு வெள்ளையிலும் தெரியும். மரத்தடி வகுப்பை மனதில் வைத்துச் செய்த திரை. பேட்டரிகூடச் சூட்டைத் தாங்கும் இரும்பு பாஸ்பேட் வகை.

உருகுவே தன் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதை 2009க்குள் கொடுத்து முடித்தது. பெரு பல லட்சம் வாங்கியது. பெருவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319இல் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. லேப்டாப் வந்து 15 மாதம் கழித்தும் கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளில் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. பெரும்பாலான அந்தப் பள்ளிகளில் இணையம் இல்லை. ஆசிரியர்களுக்குப் போதுமான பயிற்சியும் இல்லை. பொருளைப் பிரமாதமாகச் செய்தவர்கள், அது போய்ச் சேரும் வகுப்பறையில் யார் கூட உட்காருவார்கள் என்பதை அவ்வளவு அக்கறையோடு யோசிக்கவில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. இலவச மென்பொருள், தமிழ் இடைமுகம், படிப்புக்கான கருவிகள். அதைத் திறந்து பார்த்து வகுப்பில் காட்டிய ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளுக்குத்தான் அது உதவியிருக்கும்.

அதனால்தான் லேப்டாப் வாங்கும் வீட்டில் ஒரு பெரியவர், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது, பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்வேன். கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. "இது என்னம்மா?" என்று கேட்டால் போதும். சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளை கற்றுக்கொள்ளும்.

திரையும் விசைப்பலகையும் விளம்பரத்தில் தெரியாதவை. கையால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து மூடியை முன்னும் பின்னும் சாயுங்கள். எழுத்து கறுத்தோ வெளுத்தோ போனால் அது மலிவான டி.என். வகை, மாறாமல் இருந்தால் ஐ.பி.எஸ். பிறகு லேப்டாப்பைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பளபளப்புத் திரை என்றால் உங்கள் முகம்தான் தெரியும். விசைப்பலகையில் ஒரு பத்தி தட்டச் சொல்லுங்கள், தமிழிலும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலும் லினக்ஸிலும் இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். பள்ளி வயதில் பழகினால் ஆயுளுக்கும் வரும். தமிழில் கட்டுரை எழுத ஆங்கில எழுத்தைத் தட்டித் தட்டி அல்லாடும் கல்லூரி மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.டி. மாட்டியும் பழையதில் ரேம் போதாததால், அக்கா மகளுக்கு நாங்கள் கடைசியில் வாங்கியது 14 இன்ச், ஒன்றரை கிலோ, புதிய ஐ3, 8 ஜி.பி. ரேமோடு காலி ஸ்லாட் ஒன்று, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ரிச்சி தெருவிலேயே அவள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாள். கடைப் பையன் அதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி எட்டாவது படிக்கும் தம்பிக்குக் கொடுத்தோம். அவனுக்கு அதுவே நிறைய.

கழற்றிய ஹார்டு டிஸ்க் ஒரு வாரம் மேசை டிராயரில் கிடந்தது. அதில் இருந்த படங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு, நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் மூடியைத் திறந்தோம். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, மேலே மிக மெல்லிய காந்தப் படலம். வளைத்தால் தூள்தூளாகச் சிதறும் என்பதால் அதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூடி வந்ததும் அவள் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. முகம் பார்க்கும் கண்ணாடிகூட அவ்வளவு பளபளப்பாக இருக்காது. ஓரத்தில் இருந்த கையை விரல் நுனியால் மெதுவாகத் தள்ளினாள். தட்டின் விளிம்பிலிருந்து நடுவுக்குப் போயிற்று. திரும்ப இழுத்தாள், விளிம்புக்கு வந்தது. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. காதைக் கிட்டக் கொண்டுபோய் அந்தக் கரகரப்பு வருகிறதா என்று கேட்டுப் பார்த்தாள்.